இரண்டு குடை தூரம்

2012 பிப்ரவரி 6 — 1,200
2012 மே 21 — 350
2012 ஆகஸ்ட் 13 — 350
2012 நவம்பர் 19 — 350
2013 மார்ச் 4 — 350

முதல் தொகை, கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிக்குக் கட்டியது. மற்ற நான்கும் ஓட்டுநர் தேர்வுக் கட்டணம். கட்டியவள் என் தங்கை. பள்ளியில் சேர்ந்தபோது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை. கார் மீது ஆசைப்பட்டு அவள் சேரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கோல்ஃப் மைதானத்திலிருந்து வீடு திரும்பும் காரில், தன் கணவர் உட்காரும் இடத்தில் தான் உட்கார வேண்டும் என்பதற்காகச் சேர்ந்தாள்.

அவள் கணவர் பல்செட் செய்கிறவர். சலவைக்கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள்தான் பட்டறை. முன்னறை தங்கையுடையது. பல் மருத்துவர்கள் அனுப்பும் வாயின் அச்சில் அவள் பிளாஸ்டரைக் கலந்து ஊற்றுவாள். காற்றுக்குமிழ் தங்காதபடி மேஜையில் தட்டித் தட்டி இறக்குவாள். காய்ந்ததும் ஓரம் சீவி, பெயர்ச்சீட்டு ஒட்டி உள்ளறைக்கு அனுப்புவாள். உள்ளறையில் ஜன்னலோரமாக மாப்பிள்ளை. மெழுகை உருக்கி, ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டுக்கொண்டிருப்பார். சுவரில் உள்ள அலமாரி முழுக்கத் தாடைகள். முதல் தடவை வருகிறவர்கள் கொஞ்சம் பின்வாங்குவார்கள். "பயப்படாதீங்க, எல்லாம் பட்டினி கிடக்குற வாய்ங்க, கடிக்காது" என்பார் மாப்பிள்ளை.

என் வாயில் இருப்பதும் அவர் செய்ததுதான். ஒரு நாளும் உறுத்தியதில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் அவரைத் திட்டவும் செய்தேன்.

நல்ல மனிதர். வாரநாட்களில் ஒரு சொட்டுத் தொடமாட்டார். கத்தி பிடிக்கும் கை என்று அதில் அத்தனை கண்டிப்பு. தங்கையிடம் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் பட்டறையைப் பூட்டிவிட்டு, மட்டைப் பையைக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதன் பிறகு அவர் வேறு ஆள்.

கோல்ஃப் என்றதும் பெரிய பணக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். பழைய விமானத் தளம் ஒன்றை நகராட்சி எடுத்துப் புல் வளர்த்து மைதானமாக்கியிருந்தது. சந்தா குறைவு. ஒரு பல் மருத்துவர் கூலிக்கு மேல் அன்பளிப்பாக ஒரு பழைய மட்டையைக் கொடுக்கப்போய், மாப்பிள்ளை அதில் மாட்டிக்கொண்டார். கூட விளையாடுகிறவர்கள் மூன்று பேர்: ஒரு வக்கீல், ஒரு இரும்புக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. பந்தைத் தூரமாக அடிக்கும்போது கை இரும்பு. குழிக்குப் பக்கத்தில் போய், மெல்லத் தள்ளிக் குழியில் விழவைக்க வேண்டிய நேரத்தில் வலது கை உதறும். மில்லிமீட்டர் கணக்கில் பல் நடுகிறவருக்கு, குழந்தைகூடத் தள்ளிவிடும் பந்து தள்ள வராது. ஒரு நாள் இரும்புக்கடைக்காரர் தன் பையிலிருந்த தட்டைப் புட்டியை நீட்டி, "ரெண்டு மடக்கு போட்டுட்டு அடிய்யா, பாப்போம்" என்றார். போட்டார். அடித்தார். பந்து நூல் பிடித்தாற்போல் போய் விழுந்தது.

அன்றிலிருந்து அதற்கு அவர்களிடையே 'மருந்து' என்று பெயர். முதல் குழிக்கு முன் ஒரு மருந்து, நாலாவதில் ஒன்று. பாதி ஆட்டத்தில் ஓர் ஓட்டுக் கொட்டகை உண்டு, அங்கே பீர். பதினெட்டுக் குழியும் முடிந்தபின் கிளப் மாடத்தில் உட்கார்ந்து, நடந்த ஆட்டத்தை இன்னொரு முறை வாயால் ஆடுவார்கள். அதற்கும் தனி மருந்து. பிறகு நான்கு பேரும் நான்கு காரில் ஏறி வீட்டுக்குப் போவார்கள்.

2011 ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையின் கார், சந்தையின் சுற்றுச்சுவரில் ஏறி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் கீரை விற்கிற பெண் அன்று சீக்கிரமே கடை கட்டியிருந்தாள். அதனால் சேதம் செங்கல்லோடு போயிற்று. போலீஸ் வாயை ஊதச் சொன்னார்கள். அபராதம், ஆறு மாதம் லைசென்ஸ் முடக்கம். "இன்னொரு தடவை இப்படி வந்தா அபராதத்தோட விடமாட்டேன், உள்ளே அனுப்பிடுவேன்" என்று நீதிபதி வாய்விட்டே சொன்னார்.

ஆறு மாதம் டாக்சியில் போய் வந்தார். ஏழாவது மாதம் கார் வெளியே வந்தது.

"என்னங்க, விளையாடுங்க, வேண்டாங்கல. குடிங்க, அதையும் வேண்டாங்கல. வண்டிய மட்டும் அங்கேயே விட்டுட்டு வாங்களேன்" என்று தங்கை கேட்டிருக்கிறாள்.

"பதினெட்டாவது குழில ஒரே தட்டுல உள்ள போட்டேன்டி. கை நடுங்குற ஆளா இருந்தா அது முடியுமா? அந்தக் கைதானே ஸ்டீயரிங்கையும் பிடிக்குது?"

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல். குடித்தால் அவர் கை உண்மையிலேயே உதறாமல் நின்றது.

சுவர் விவகாரத்துக்குப் பிறகு நண்பர்களும் பயந்திருந்தார்கள். வக்கீல் ஒரு சட்டம் போட்டார். கார் நிறுத்துமிடத்தை ஒட்டிப் பழகுவதற்கென்று ஒரு சின்னப் புல்தரை இருக்கிறது, நடுவில் ஒரு குழி. வீட்டுக்குக் கிளம்பும்போது நால்வரும் கார் சாவியை வக்கீலின் தொப்பியில் போட வேண்டும். வக்கீல் தன் குடையை இரண்டு முறை கிடத்தித் தூரம் அளப்பார். அங்கிருந்து ஒரே தட்டு. பந்து குழியில் விழுந்தால் சாவி. விழாவிட்டால் சாவி மதுக்கூடத்து ஆளிடம் போய்விடும். டாக்சி பிடிக்க வேண்டும்.

நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரும்புக்கடைக்காரர் இரண்டு முறையும் தவறவிட்டு, திட்டிக்கொண்டே டாக்சியில் போனார். தலைமையாசிரியர் சர்க்கரை நோயாளி, சோடாவைத் தவிர எதையும் தொடாதவர். அவரும் தவறவிட்டார். அவர் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை மட்டும் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை.

நான் வக்கீலிடம் கேட்டேன். "ஏங்க, சோடா குடிச்சவரு டாக்சில போறாரு, அத்தனையும் குடிச்சவரு கார்ல போறாரு. உங்க சட்டம் எதைப் பிடிக்குது, எதை விடுது?"

"சார், சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆளுக்கு ஒண்ணு போட முடியுமா?"

"அப்ப எனக்கு என்ன சொல்றீங்க?" என்றார் தலைமையாசிரியர், டாக்சிக்காகக் காத்துக்கொண்டு.

"உங்களுக்கு நான் என்ன சொல்ல? நீங்க தள்ளுறது அப்படி. குடிச்சாவது பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். தலைமையாசிரியரும் சிரித்தார். அவர் மறுவாரமும் டாக்சியில்தான் போனார்.

இவற்றையெல்லாம் தங்கையிடம் வந்து சொன்னேன். அவள் பிளாஸ்டர் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "சரி அண்ணா, அவர் குடிக்கிறதை என்னால நிறுத்த முடியாது, ஓட்டுறதை நிறுத்த முடியாது. நான் ஓட்டக் கத்துக்கிட்டா? பொண்டாட்டி கேட்டா சாவியைக் குடுக்கமாட்டாரா?" என்றாள். நானும் குடுப்பார் என்றுதான் நினைத்தேன்.

பயிற்சிப் பள்ளி நடத்தியது ஒரு பெண். பருத்த உடம்பு, பெரிய தொண்டை. தங்கை குள்ளம். முதல் நாளே அவள் கால் மிதிக்கு எட்டவில்லை. இருக்கையை முடிந்தவரை முன்னால் தள்ளி, முதுகுக்கு ஒரு திண்டு கொடுத்து உட்காரவைத்தார்கள். அந்தத் திண்டைப் பிறகு தங்கையே காசு கொடுத்து வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, கிளச்ச அப்படிக் குத்தாதீங்க. நீங்க பட்டறையில பிளாஸ்டர எப்படி ஊத்துவீங்க?"

"மெல்ல, ஒரு ஓரமா."

"அப்படித்தான். மெல்ல, ஒரு ஓரமா விடுங்க."

அப்படிச் சொன்ன பிறகு வண்டி குதிப்பது நின்றது. பயிற்சிக்காரி அந்த உதாரணத்தை அதன் பின் எல்லாரிடமும் சொன்னாளாம், பிளாஸ்டரையே பார்த்திராதவர்களிடம்கூட.

முதல் தேர்வில் பின்னால் எடுக்கும்போது கூம்பைச் சாய்த்தாள். இரண்டாவதில் பச்சை விளக்கில் போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த அதிகாரி தும்மினார். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து நடுரோட்டில் பிரேக் போட்டுவிட்டாள். மூன்றாவது தேர்வு முழுக்க ஒழுங்காக ஓட்டிவிட்டு, சந்திப்பில் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் வழி விட்டு நின்றுகொண்டேயிருந்தாள். "நீங்க நல்லவங்கதாம்மா, ஆனா இப்படி நின்னா சாயங்காலம் வரைக்கும் வீட்டுக்குப் போகமாட்டீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

இந்த ஒரு வருடத்தில் சனிக்கிழமைகள் நிற்கவில்லை. சாயங்காலமானால் அவள் சமையலறை ஜன்னலிலிருந்து நகரமாட்டாள். தெரு வளைவில் கார் விளக்கு தெரிந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். வெளியூரில் இருக்கிற மகளுக்குப் போன் செய்வாள். "நானும் சொல்லிட்டேம்மா. எல்லாத்துக்கும் சரிம்மா, சரிம்மாங்கறார். அப்பாகிட்ட சண்டை போடவாவது முடியுதா?" என்பாள் மகள். அது உண்மை. அவரிடம் சண்டை போட முடியாது. தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார், அடுத்த சனிக்கிழமை கிளம்பிவிடுவார்.

நான்காவது தேர்வில் தேறினாள். மார்ச் மாதக் கடைசியில் லைசென்ஸ் தபாலில் வந்தது. கைக்கு அடங்குகிற அட்டை. அதில் அவள் முகம் கொஞ்சம் பயந்தாற்போல் இருந்தது. மாப்பிள்ளைக்கு உண்மையிலேயே சந்தோஷம். "அறுபது வயசுல எங்க வீட்டுக்காரி டிரைவர் ஆயிட்டா" என்று பல் மருத்துவர்களிடமெல்லாம் சொன்னார். ஒரு வயதைக் கூட்டிச் சொன்னாலும் பெருமையில்தான் சொன்னார். வாரநாட்களில் பல்செட்டுகளை மருத்துவர்களிடம் சேர்க்க அவளையே ஓட்டவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னார்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை தங்கையும் நானும் பஸ் பிடித்து மைதானத்துக்குப் போனோம். லைசென்ஸ் அவள் கைப்பையில், தபாலில் வந்த உறையோடு. திண்டு அவள் கையிடுக்கில். நாங்கள் போனபோது அவர்கள் மாடத்தில் கடைசி மருந்தில் இருந்தார்கள்.

"வாங்க, வாங்க! புது டிரைவரம்மா வந்தாச்சு" என்று இரும்புக்கடைக்காரர் எழுந்து கை தட்டினார்.

தங்கை சிரித்துக்கொண்டே, "சாவியைக் குடுங்க, நான் ஓட்டிட்டு வரேன்" என்றாள் மாப்பிள்ளையிடம்.

மாப்பிள்ளையின் கை சட்டைப்பைக்குப் போனது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவர் கொடுக்கத்தான் போனார். அதற்குள் இரும்புக்கடைக்காரர், "என்னய்யா, பொண்டாட்டி வந்து கூட்டிட்டுப் போறாங்களா? பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்றார். மேஜையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். பைக்குள் போன கை உள்ளேயே நின்றது.

"சட்டம் இருக்கே" என்றார் வக்கீல். அவருக்கும் ஏறியிருந்தது. "சாவி தொப்பிக்குப் போகணும். அப்புறம்தான் யாருக்கும்."

"அவ குடிக்கவே இல்லைங்க" என்றேன் நான். "லைசென்ஸ் வெச்சிருக்கா. பக்கத்துல வந்து பாருங்க, வேணும்னா மோந்து பாருங்க."

"சார், நீங்களே ஞாயம் பேசினவருதானே, எல்லாருக்கும் ஒண்ணா இல்லைன்னு? இப்ப அம்மாவுக்கும் ஒண்ணுதான். அவங்களும் அடிக்கட்டும். விழுந்தா சாவி அவங்களுக்கு."

எல்லாருமாகக் கீழே இறங்கினார்கள். வக்கீல் குடையை இரண்டு முறை கிடத்தினார். தங்கை திண்டை என்னிடம் கொடுத்துவிட்டு மட்டையை வாங்கினாள். வாழ்நாளில் அதுவரை மட்டை பிடித்ததில்லை. துடைப்பத்தைப் பிடிப்பதுபோல் பிடித்தாள். மாப்பிள்ளையே பின்னால் போய் நின்று விரல்களைச் சரிசெய்துவிட்டார், பொறுமையாக. அவள் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. ஆனால் பந்தை எவ்வளவு வேகத்தில் தள்ள வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பந்து குழிக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது.

"அடடா" என்றார் தலைமையாசிரியர். அவருக்கு மட்டும் நிஜமாகவே வருத்தம்.

மாப்பிள்ளை அடித்தார். அடிக்கும் முன் ஒரு கால் லேசாக இடறியது, சமாளித்துக்கொண்டார். பந்து நேராகப் போய் விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். தொப்பியிலிருந்து சாவி அவர் கைக்கு வந்தது.

தங்கை காரின் முன்னால் போய் நின்றாள். "நான்தாங்க ஓட்டுவேன்."

"எல்லாரும் பாக்குறாங்க. வீட்டுல போய்ப் பேசிக்கலாம், ஏறு."

"மாப்ளே, நான் சொல்றதைக் கேளுங்க" என்றேன்.

"மச்சான், இன்னிக்கு ஒரு நாள். அடுத்த வாரத்துலேர்ந்து அவளே ஓட்டட்டும். ஞாயமா ஜெயிச்சிருக்கேன், இப்ப குடுத்தா இவனுங்க ஆயுசுக்கும் விடமாட்டானுங்க."

அவள் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். "ஏறாதே" என்றேன். "நான் ஏறலேன்னா அவர் தனியாத்தானே போவார்" என்றாள். நான் வரமாட்டேன் என்று திண்டைப் பின்னிருக்கையில் போட்டுவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். கோபத்தில் நடந்தேன். கார் என்னைத் தாண்டிப் போனபோது ஒழுங்காகத்தான் போனது.

பஸ் பழைய தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஊர்ந்து, நின்றுவிட்டது. முன்னால் வரிசையாக வண்டிகள். நன்றாக இருட்டியிருக்கவில்லை. "என்னப்பா?" என்றார் ஒருவர். "எவனையோ அடிச்சுத் தூக்கிட்டாங்க" என்றார் கண்டக்டர் எட்டிப் பார்த்து. நான் இறங்கி நடந்தேன். ரோட்டில் வான நீலப் பெயின்ட் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் அதுதான் கண்ணில் பட்டது. ஒரு சைக்கிள் மடங்கிக் கிடந்தது, அதில் கட்டியிருந்த ஏணி இரண்டாகப் பிளந்திருந்தது. சுவருக்கு வர்ணம் அடிக்கிற பெரியவர் ஒருவரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் முனகியது கேட்டது. உயிர் இருக்கிறது என்று அந்த முனகலைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளை நடைபாதை ஓரம் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். தங்கை போலீஸ்காரர் முன் நின்றிருந்தாள். போலீஸ்காரர் நீட்டிய கருவியில் அவள் ஊதிக்கொண்டிருந்தாள். அவர் அதைப் பார்த்தார், லைசென்ஸைப் பார்த்தார்.

"சுத்தமாத்தான் இருக்கீங்க. என்னம்மா, லைசென்ஸ் வந்து பத்து நாள்கூட ஆகலையே?"

"ஆமாங்க. இருட்டுற நேரம், கண்ணு கூசிடுச்சு. நான்தான் பாக்கல."

நான் காருக்குள் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கை முழுக்கப் பின்னால் தள்ளியிருந்தது, நெட்டையான ஆளின் காலுக்கு ஏற்றபடி. திண்டு நான் போட்ட இடத்திலேயே கிடந்தது. அங்கே உட்கார்ந்து அவள் காலால் எந்த மிதியையும் தொட்டிருக்க முடியாது. போலீஸ்காரர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க அவருக்குக் காரணமும் இல்லை. ஊதிக் காட்டிய, லைசென்ஸ் உள்ள, ஒப்புக்கொண்ட ஓர் ஆள் எதிரே நிற்கிறாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துவிட்டாள்.

"அண்ணா, நீ ஒரு வார்த்தை சொன்னாலும் அவர் உள்ளே போயிடுவார். நீதிபதி சொன்னதை நீயும்தானே கேட்டே."

"அந்தப் பெரியவரு?"

"அவருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். யாரோ ஒருத்தர் பதில் சொன்னாப் போதும்ல?"

போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. பட்டறை மூடி, அந்த வழக்கு எல்லாருக்கும் மறந்துபோன பிறகு, "எழுதிக்கோ, இனிமே யாரு வந்து கேக்கப்போறா?" என்று அவளே சொன்னதால்தான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளையிடம் அன்றைக்கே கேட்டேன், ஆஸ்பத்திரி நடையில். "நீங்களாவது சொல்லிடுங்க மாப்ளே."

"நாளைக்குச் சொல்லிடறேன் மச்சான். இப்ப வாய் நாறுது." அழுதார்.

மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை கேட்டேன். மெழுகுக் கத்தி கையில் இருந்தது. "இந்த வாரம் மூணு செட்டு இருக்கு மச்சான். பாவம், வாயில பல்லில்லாம கஞ்சி குடிச்சிட்டு இருக்காங்க. முடிச்சுக் குடுத்துட்டுப் போய்ச் சொல்றேன்." அதற்கடுத்த வாரம் நான்கு செட்டு. முன்னறையில் தங்கை பிளாஸ்டரை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பேசப் பேச அவள் தட்டும் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. போதும், நிறுத்து என்று அர்த்தம்.

வழக்கில் அவளுக்காக நின்றது அதே வக்கீல். காசு வாங்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். என் முகத்தைப் பார்த்து அவர் பேசவில்லை.

பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கம்பி வைத்தார்கள். தங்கை வாரம் தவறாமல் போய்ப் பார்த்தாள், பழம், ரொட்டி, மாற்றுத் துணி என்று எதையாவது கொண்டுபோவாள். நீதிமன்றத்துக்கு அவர் கைத்தடியோடு வந்தார். நடையில் எதிரெதிரே இருந்த பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தோம்.

"புதுசா கத்துக்கிட்டீங்களாம்மா?" என்றார்.

"ஆமாங்க."

"இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்? வீட்டுல ஐயா ஓட்டமாட்டாரா?"

மாப்பிள்ளை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குனிந்து செருப்பைச் சரிசெய்தார். சரிசெய்துகொண்டே இருந்தார்.

"ஓட்டுவாருங்க. நான்தான் ஆசைப்பட்டேன்" என்றாள் தங்கை.

"நான் இனிமே ஏணி ஏற முடியாதாம்மா. டாக்டரு சொல்லிட்டாரு." கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி என்பதுபோல் சொன்னார். "கீழ் பாதிச் சுவரு மட்டும் அடிச்சா எவன் கூலி குடுப்பான்?"

நீதிபதி அபராதமும் பெரியவருக்கு நஷ்டஈடும் விதித்தார். லைசென்ஸை என்ன செய்வது என்பதைப் போக்குவரத்து அலுவலகம் முடிவு செய்யும் என்றார். அலுவலகம் ரத்து செய்தது. ஐந்து வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் கூடாது. தங்கை விடவில்லை. மேல்முறையீடு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தாள்.

"உனக்கு எதுக்கு இப்ப லைசென்சு?" என்றேன்.

"சனிக்கிழமை வருதே அண்ணா."

விபத்துக்குப் பின் மாப்பிள்ளை மைதானத்துக்குப் போகாமல் இருந்தது உண்மை. ஜூலையில் போனார், மருந்து இல்லாமல் விளையாடினார், கை உதறியது, எல்லா ஆட்டத்திலும் தோற்றார். தோற்றுவிட்டு டாக்சியில் வந்தார். நாங்கள் நம்பினோம். ஆகஸ்டில் ஒரு மடக்கு. செப்டம்பரில் கார் வெளியே வந்தது. அவருடைய லைசென்ஸில் ஒரு கீறல்கூட இல்லை; சட்டப்படி அவர் அன்று காரில் பயணம் செய்த ஒருவர், அவ்வளவுதான்.

தங்கை பஸ் பிடித்து அங்கே போய், திரும்பும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து வர ஆரம்பித்தாள். நானும் ஒரு சனிக்கிழமை போனேன். குடையால் அளந்தார்கள். அவர் அடித்தார். விழுந்தது. இரும்புக்கடைக்காரர் சாவியை எடுத்துக் கொடுத்து, "பாத்துய்யா, இந்தத் தடவையும் அம்மா கையில குடுத்துடாதே. பொம்பளைங்க கையில வண்டி போனா என்னாகும்னு பாத்தாச்சுல்ல" என்றார். அவருக்கு நிஜம் தெரியாது; பாதி வழியில் அவள் ஓட்ட வாங்கிக்கொண்டாள் என்றுதான் கேள்விப்பட்டிருந்தார். தெரியாமல்தான் சொன்னார்.

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தேன். அவள் கதவைத் திறந்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். அது மாட்டிக்கொண்டதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

நான் எழுதிக் கொடுத்த மேல்முறையீட்டில் எந்தப் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. வயது, நன்னடத்தை, முன்பு எந்தக் குற்றமும் இல்லை, கணவரின் தொழிலுக்கு உதவி, இப்படித்தான் எழுத முடிந்தது. அலுவலகத்திலிருந்து முதலில் கூடுதல் ஆவணம் கேட்டு வந்தது. அனுப்பினோம். நேரில் வரச் சொல்லி வந்தது. போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் அதிகாரி கனிவாகப் பேசினாராம். "அம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்களுக்கு ஓட்டு வரல. வீட்டுல ஓட்டுறவர் இருக்காருல்ல, அவரே ஓட்டட்டுமே" என்றாராம். இவள் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தாளாம்.

கடைசிக் கடிதம் வந்தபோது நான் பட்டறையில் இருந்தேன். கடைவாய்ப் பக்கம் செட் தளர்ந்திருந்தது, சரிசெய்துகொள்ளப் போயிருந்தேன். வாயில் பல் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். தபால்காரர் படியேறி வந்தார். தங்கையின் கை முழுக்கப் பிளாஸ்டர். உறையை நானே கிழித்து அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். நின்றபடி ஒரு தடவை படித்தாள், மறுபடி மேலிருந்து படித்தாள். மேல்முறையீடு நிராகரிக்கப்படுகிறது, அட்டையை ஏழு நாட்களுக்குள் நேரில் ஒப்படைக்கவும், இதற்குமேல் முறையீடு கிடையாது.

"என்ன லெட்டரு?" என்றார் மாப்பிள்ளை உள்ளறையிலிருந்து, என் செட்டைத் தேய்த்துக்கொண்டே.

"ஒண்ணுமில்லைங்க, ஆபீஸ் லெட்டரு."

"நல்லதா, கெட்டதா?"

கிண்ணத்தில் கலந்து வைத்த பிளாஸ்டர் இறுகத் தொடங்கியிருந்தது. குச்சியால் கிளறிப் பார்த்தாள், வராது என்று தெரிந்ததும் அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தாள். நான் பேச நினைத்தேன். பல் இல்லாத வாயில் எதைச் சொன்னாலும் சிரிப்பாகத்தான் வரும் என்று சும்மா இருந்தேன். அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் பார்த்தார், பிறகு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

கடிதம் வந்து சேர்ந்த தேதி: 2013 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை.